எருசலேம் ஆலயத்தில் நடனம் இருந்ததா? பண்டைய யூதர்களின் பாட்டும் ஆட்டமும்

தம்புரோடும் நடனத்தோடும் கர்த்தரைத் துதிக்கச் சொல்கிறது 150ஆம் சங்கீதம். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடியதாகவும் வாசிக்கிறோம். அப்படியென்றால் எருசலேம் ஆலயத்தில் தினமும் நடனம் இருந்ததா, அங்கே ஒலித்த இசை எப்படிப்பட்டது, இன்றைய யூத ஜெப ஆலயங்களில் வாத்தியம் வாசிப்பதில்லையாமே, அது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாக எழுதியிருந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: அந்த மக்களுக்கு நடனம் வழிபாட்டின் பகுதியாக இருந்ததா, அல்லது வழிபாட்டுக்கு வெளியே நடந்த கொண்டாட்டமா?

இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் எபிரேய மொழியும் பழைய ஏற்பாடும் கற்பித்தவன் நான். என் பயிற்சி பழைய நூல்களை வாசிப்பதில். அகழாய்வில் கிடைத்த சிற்பங்களையும் கருவிகளையும் பற்றி, இசைத் தொல்லியல் அறிஞர்கள் எழுதியவற்றை நம்பியே பேசுகிறேன். யூத மதச் சட்டத்தின் நுணுக்கங்களுக்கு ஒரு ரபியே சரியான ஆள். இந்த எல்லைக்குள் நின்று சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஸ்ரவேலர் நிறைய ஆடினார்கள். கடவுளின் பெயரைச் சொல்லியே ஆடினார்கள். ஆனால் பலிபீடத்துக்கு முன் நாள்தோறும் நடந்த வழிபாட்டில் நடனம் இருந்ததற்குச் சான்று இல்லை. ஆலய வளாகத்துக்குள் ஆடினார்கள் என்று துணிந்து சொல்லத்தக்க சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று, கூடாரப் பண்டிகையின் இரவுகள்.

ஆலயம் கட்டப்படுவதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்குவோம். செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் பறை ஒன்றை எடுத்துக்கொள்கிறாள். பெண்கள் எல்லாரும் பறையோடும் நடனத்தோடும் அவள் பின்னே போகிறார்கள். போரில் வென்று திரும்பும் யெப்தாவை எதிர்கொள்ள அவருடைய ஒரே மகள் பறை முழக்கி ஆடிக்கொண்டு வருகிறாள். வென்றால் வீட்டிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக அவர் நேர்ந்திருந்ததால், அந்த ஆட்டம்தான் அவளுக்கு எமனாகிறது. பெலிஸ்தனைக் கொன்று திரும்பும் தாவீதை இஸ்ரவேல் ஊர்களின் பெண்கள் ஆடிப்பாடி வரவேற்கிறார்கள். சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று அவர்கள் முறைவைத்துப் பாடியதுதான் சவுலின் பொறாமைக்கு வித்து. இந்த மூன்று இடங்களிலும் பறை, பாட்டு, ஆட்டம் என்ற மூன்றும் சேர்ந்தே வருகின்றன. மூன்றையும் நிகழ்த்துகிறவர்கள் பெண்கள். தற்செயலாக இப்படி அமைந்திருக்க முடியாது. இது பெண்களே பேணி வளர்த்த, பயிற்சி தேவைப்பட்ட ஒரு தனிக்கலை என்று கரோல் மையர்ஸ் என்ற அறிஞர் வாதிட்டிருக்கிறார். எனக்கு அந்த வாதம் சரியாகவே தோன்றுகிறது. வட்டமான ஏதோ ஒன்றை மார்புக்கு முன் பிடித்திருக்கும் பெண்களின் சுடுமண் உருவங்கள் அந்தப் பகுதியெங்கும் கிடைத்திருக்கின்றன. உடலுக்குக் குறுக்காக நீட்டிப் பிடித்திருக்கும் உருவங்களில் அது பறை என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மார்போடு ஒட்டிப் பிடித்திருப்பவை பறையா, அப்பமா, தட்டா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தமிழ் வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தடங்கல் உண்டு. மிரியாமின் கையில் இருந்ததைப் பழைய மொழிபெயர்ப்பு ‘தம்புரு’ என்கிறது. அதை வாசிக்கும்போது நம் மனத்தில் சுருதி கூட்டும் தந்திக் கருவி வந்து நிற்கும். எபிரேயத்தில் உள்ள ‘தோஃப்’ மரவளையத்தில் தோல் இழுத்துக் கட்டி, கையால் தட்டும் சிறு பறை. இந்தப் பதிலில் பறை என்று நான் எழுதும் இடமெல்லாம் அதுதான்.

வெற்றி விழாக்களைத் தவிர ஆண்டுத் திருவிழாவிலும் ஆடினார்கள். நியாயாதிபதிகளின் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் சீலோவில் ஆண்டுதோறும் கர்த்தருக்கு நடக்கும் பண்டிகை பேசப்படுகிறது. பெண்கள் ஆட வெளியே வரும்போது திராட்சைத் தோட்டங்களில் ஒளிந்திருந்த பென்யமீன் ஆண்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கதை கொடூரமானது. ஆனால் கர்த்தரின் பண்டிகையில் இளம்பெண்கள் ஆடுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் என்பதை அந்தக் கதை எந்த விளக்கமும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறது. சான்றாக அதற்கு இருக்கும் மதிப்பு இதனால்தான். பல நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு இதே காட்சியை மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறது. யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 15ஆம் நாளிலும் பாவநிவிர்த்தி நாளிலும் எருசலேமின் பெண்கள் வெள்ளை உடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஆடினார்களாம். அந்த உடை சொந்தமானதாக இருக்கக் கூடாது, இரவல் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். உடை இல்லாத பெண் வெட்கப்படாதிருக்க இந்த ஏற்பாடு. இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பகுதியை எந்த ஆண்டும் வகுப்பில் விட்டுவைத்ததில்லை.

நீங்கள் குறிப்பிட்ட தாவீதின் நடனத்துக்கு வருகிறேன். அது ஆலய வழிபாடு அன்று. அப்போது ஆலயமே கிடையாது. பெட்டியைத் தாவீதின் நகரத்துக்குக் கொண்டுவரும் ஊர்வலம் அது. தாவீது ஆசாரியர் அணியும் சணல் ஏபோத்து என்ற உடையைத் தரித்துக்கொண்டு தன் முழு பலத்தோடும் ஆடுகிறார். பலகணி வழியாகப் பார்த்த அவர் மனைவி மீகாள் அவரை இகழ்கிறாள். அவள் நடனத்தை வெறுத்தாள் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். மூலத்தில் அவள் பேச்சு வேறு விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: வேலைக்காரரின் அடிமைப் பெண்கள் பார்க்க ராஜா தன் உடலைக் காட்டிவிட்டார் என்பதே அவளுடைய புகார். சவுலின் மகள் அவள் என்பதையும், அரச மரியாதை குறித்த சண்டை அந்த உரையாடல் முழுவதும் ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ராஜா ஆடலாமா என்பது அங்கே கேள்வியாக இருந்தது. கடவுளுக்கு முன் ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பொன் கன்றுக்குட்டிக்கு முன்னும் அதே மக்கள் ஆடினார்கள். மலையிலிருந்து இறங்கிய மோசே கன்றையும் ஆட்டத்தையும் கண்டுதான் கற்பலகைகளை உடைத்தார். பழைய ஏற்பாட்டுக்கு நடனம் தன்னளவில் புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை. யாருக்கு முன் ஆடுகிறோம் என்பதைத்தான் அது பார்க்கிறது.

இனி ஆலயம். சாலொமோன் கட்டிய முதல் ஆலயத்தின் இசையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. நாளாகம நூல்கள் ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோர் தலைமையில் 288 தேர்ந்த பாடகர்களையும், 24 முறைவகுப்புகளையும், வாத்தியத்தோடு துதிக்க 4,000 லேவியரையும் (ஆலயப் பணிக்கென ஒதுக்கப்பட்ட கோத்திரத்தார்) தாவீது ஏற்படுத்தியதாகச் சொல்கின்றன. அந்த நூல்கள் தாவீதுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பெரும்பாலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட, தம் காலத்து இரண்டாம் ஆலயத்தின் ஒழுங்கை ஆசிரியர் தாவீதின் பெயரில் ஏற்றிச் சொல்கிறார் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. நானும் அப்படியே கற்பித்தேன். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் எஸ்றா எழுதும் எண்ணிக்கை அடக்கமானது: ஆசாபின் வழிவந்த பாடகர்கள் 128 பேர். அதே பட்டியலின் முடிவில், வேலைக்காரர்களுக்கும் குதிரைகளுக்கும் நடுவில், 200 பாடகர்களும் பாடகிகளும் தனியாக வருகிறார்கள். அவர்கள் ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். செல்வர் வீடுகளில் விருந்துக்கும் துக்கத்துக்கும் பாடியவர்களாக இருக்க வேண்டும். யூதேயாவின் இசைக் கலைஞர்களுக்கு வெளியுலகிலும் மதிப்பு இருந்ததற்குப் பகைவனே சாட்சி. கி.மு. 701இல் யூதேயாவின் மேல் படையெடுத்த அசீரிய அரசன் சனகெரிப், எசேக்கியா அனுப்பிய திறைப் பொருள்களில் பொன், வெள்ளியோடு ஆண் பெண் பாடகர்களையும் தன் கல்வெட்டில் கணக்கிட்டிருக்கிறான்.

இரண்டாம் ஆலயத்துக்கு வந்தால் நம் காலடியில் தரை உறுதியாகிறது. தினப்பலியின் முடிவை மிஷ்னா நுணுக்கமாக விவரிக்கிறது. பிரதான ஆசாரியர் திராட்சரசத்தை ஊற்றக் குனிவார். துணை ஆசாரியர் துணியை அசைத்துச் சைகை காட்டுவார். பென் அர்சா என்ற ஆலயப் பணியாளர் கைத்தாளத்தை அடிப்பார். லேவியர் பாடத் தொடங்குவார்கள். பாட்டின் பகுதி ஒன்று முடியும்போதெல்லாம் எக்காளம் ஒலிக்கும். மக்கள் முகங்குப்புற விழுந்து பணிவார்கள். ஞாயிறு முதல் சனி வரை பாட வேண்டிய சங்கீதங்கள் முறையே 24, 48, 82, 94, 81, 93, 92. மேடையில் பாடும் லேவியர் 12 பேருக்குக் குறையக் கூடாது, கூடுதலாக எத்தனை பேரும் நிற்கலாம். கின்னோர் என்ற யாழ் வகை 9க்குக் குறையக் கூடாது. நேபெல் என்ற பெரிய தந்திக் கருவி 2 முதல் 6 வரை. கைத்தாளம் மட்டும் ஒன்றே ஒன்று. குழல் ஆண்டில் 12 நாள்கள் மட்டுமே பலிபீடத்துக்கு முன் ஒலித்தது. அதுவும் வெண்கலக் குழலாக இல்லாமல் நாணற்குழலாக, ஏனென்றால் அதன் ஓசை இனிமையானது. லேவியரின் சிறுவர்களும் சேர்ந்து பாடுவார்கள். அவர்கள் மேடையில் ஏறாமல் கீழே தரையில் நிற்பார்கள். பெரியவர்களின் பாட்டுக்குச் சுவை கூட்டுவதற்காக அவர்கள் அங்கே நிற்பதாக மிஷ்னா சொல்கிறது. பெண்கள் அந்தப் பாடகர் குழுவில் இல்லை. ஏமானுக்கு 14 குமாரரும் 3 குமாரத்திகளும் இருந்ததாகச் சொல்லும் நாளாகம வசனத்தைக் காட்டி அந்தப் பெண்களும் பாடினார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த ஒரு வசனம் அவ்வளவு பாரத்தைத் தாங்காது.

ஆலயம் கி.பி. 70இல் அழிந்தது, மிஷ்னா தொகுக்கப்பட்டது அதற்கு 130 ஆண்டுகளுக்குப் பின். இதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்தில், கி.மு. 180 வாக்கில், பென் சீராக் என்ற யூத ஞானி தன் நூலில் பிரதான ஆசாரியர் சீமோனின் வழிபாட்டைக் கண்ணால் கண்டதுபோல் எழுதுகிறார்: ரசம் ஊற்றுதல், எக்காளம், மக்கள் முகங்குப்புற விழுதல், பாடகர்களின் துதி. மிஷ்னா சொல்லும் அதே உறுப்புகள்தான். அடுத்து, சங்கீதங்களின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 24, 48, 94, 93 ஆகியவற்றின் தலைப்பில் வாரத்தின் எந்த நாளுக்கு உரியவை என்று எழுதிவைத்திருக்கிறது. அந்த நாள்கள் மிஷ்னாவின் பட்டியலோடு அப்படியே ஒத்துப்போகின்றன. நூற்றாண்டுகள் இடைவெளியில் எழுதப்பட்ட நூல்கள் இப்படிப் பொருந்தும்போது நான் நம்புகிறேன். உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது: இந்தச் சான்றுகள் எதிலும் நடனம் இல்லை. பறையும் இல்லை. நாளாகமம் லேவியருக்குத் தரும் கருவிப் பட்டியலில் நேபெலும் கின்னோரும் கைத்தாளமும் வருகின்றன. மிரியாமின் பறை அந்தப் பட்டியலில் ஏறவில்லை. பறையும் ஆட்டமும் பெண்களின் கலை, பலிபீட வழிபாடோ ஆண் லேவியரின் பணி. ஆகவே ஒன்று வெளியே நின்றது என்பது என் ஊகம். இதை எந்த நூலும் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படியானால் 150ஆம் சங்கீதம்? அதில் லேவியரின் கருவிகளும் இருக்கின்றன, பறையும் நடனமும் இருக்கின்றன. சுவாசமுள்ள யாவும் துதிக்க வேண்டும் என்று முடியும் பாட்டு, ஆலயத்தின் உள்ளே ஒலிப்பதையும் வெளியே வீதியில் ஒலிப்பதையும் ஒரே மூச்சில் அழைக்கிறது என்றே அதைப் புரிந்துகொள்கிறேன். 68ஆம் சங்கீதத்தில் ஆலயத்தை நோக்கிப் போகும் ஊர்வலம் வருகிறது. முன்னால் பாடகர், பின்னால் தந்தி வாசிப்போர், அவர்களோடு பறை தட்டும் இளம்பெண்கள். ஆக, ஆலயத்தை நோக்கிப் போகும் வழி பெண்களுக்கும் பறைக்கும் திறந்தே இருந்தது.

கூடாரப் பண்டிகையின் இரவுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பண்டைய யூத வழிபாட்டில் இதைவிட உயிர்ப்பான காட்சி எனக்குத் தெரியாது. அது அறுவடை முடிந்து, மழைக்காகக் காத்திருக்கும் காலம். பண்டிகை நாள்களில் காலையில் சீலோவாம் ஊற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரை முன்னிட்டு இரவு முழுவதும் கொண்டாட்டம். பெண்களின் முற்றம் எனப்பட்ட வெளி முற்றத்தில் பொன் விளக்குத் தண்டுகள் நிறுத்தப்படும். இளம் ஆசாரியர்கள் ஏணியில் ஏறி எண்ணெய் ஊற்றுவார்கள். ஆசாரியரின் கிழிந்த பழைய கால்சட்டைகளையும் அரைக்கச்சைகளையும் கிழித்துத் திரியாகத் திரிப்பார்கள். அந்த வெளிச்சம் படாத முற்றம் எருசலேமில் இருக்காதாம். பக்தியில் பேர்பெற்ற பெரியவர்கள் கையில் தீப்பந்தங்களோடு மக்களுக்கு முன் ஆடுவார்கள். ரபான் சிமியோன் பென் கமாலியேல் எட்டுப் பந்தங்களை மேலே எறிந்து எறிந்து பிடிப்பார், ஒன்றோடு ஒன்று மோதாது என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் பிற்காலத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. உள் முற்றத்திலிருந்து இறங்கும் பதினைந்து படிகளில் லேவியர் யாழ்களோடும் தாளங்களோடும் எக்காளங்களோடும் நின்று பாடுவார்கள். படிகள் பதினைந்து, ஆரோகண சங்கீதங்களும் (120 முதல் 134 வரை) பதினைந்து. சேவல் கூவும் நேரத்தில் இரண்டு ஆசாரியர் எக்காளம் ஊதியபடி இறங்கிக் கிழக்கு வாசல் வரை நடப்பார்கள். தண்ணீர் மொள்ளும் இடத்தின் இந்த மகிழ்ச்சியைக் காணாதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே கண்டதில்லை என்கிறது மிஷ்னா. எட்டுப் பந்தங்களில் மிகை கலந்திருக்கலாம். பெண்களின் முற்றத்தில் ஆண்கள் ஆடினார்கள் என்பதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. பெண்கள் அன்று மேல்மாடத்தில் நின்று பார்த்தார்கள் என்றும் தல்மூத் சொல்கிறது. சீலோவில் ஆடியவர்கள் எருசலேமில் பார்வையாளர்களாகியிருந்தார்கள். அதே பண்டிகையில் அலரி மரக் கிளைகளோடு பலிபீடத்தைத் தினமும் ஒருமுறையும், ஏழாம் நாளில் ஏழு முறையும் சுற்றி வந்தார்கள். சிலர் இதையும் நடனம் என்று எழுதுகிறார்கள். மூலத்தில் சுற்றி வந்தார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வழிபாட்டில் ஆடியதற்கு ஒரு சான்று எருசலேமுக்கு வெளியே இருக்கிறது. அலெக்சாந்திரியாவுக்கு அருகில் மரேயோத்திஸ் ஏரிக்கரையில் துறவிகள்போல் வாழ்ந்த யூதக் குழு ஒன்றைப் பற்றி, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபிலோ எழுதியிருக்கிறார். அவர்களுடைய பெருவிழா இரவில் ஆண்கள் ஒரு குழுவாகவும் பெண்கள் ஒரு குழுவாகவும் நின்று, கைகால்களை அசைத்துப் பாடி, பின்பு இரண்டு குழுவும் ஒன்றாகக் கலந்து, செங்கடலின் கரையில் மோசேயும் மிரியாமும் நடத்திய பாட்டைத் திரும்ப நிகழ்த்துவார்களாம். ஃபிலோ அவர்களைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்கிறார் என்பது உண்மை. ஆனால் ஒன்றுமில்லாததை முழுக்க அவர் கற்பனை செய்தார் என்று நினைக்க இடமில்லை.

இசை எப்படி ஒலித்தது என்ற கேள்விக்கு வருகிறேன். கின்னோரின் வடிவம் நமக்குத் தெரியும்: அடியில் பெட்டி, மேலே இரண்டு கைகள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம், சட்டத்திலிருந்து பெட்டிக்கு இறங்கும் தந்திகள். கி.பி. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பா வெளியிட்ட நாணயங்களில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. நினிவேயின் அரண்மனைச் சிற்பம் ஒன்றில், அசீரிய வீரன் பின்தொடர மூன்று கைதிகள் யாழ் வாசித்தபடி நடக்கிறார்கள். அவர்கள் யூதேயர் என்று அடிக்கடி எழுதப்படுகிறது, அது நிரூபிக்கப்படவில்லை. கின்னோருக்குப் பத்துத் தந்திகள், மீட்டுகோலால் வாசிப்பார்கள், நேபெலுக்குப் பன்னிரண்டு, விரலால் வாசிப்பார்கள் என்று முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதுகிறார். நேபெல் நிமிர்ந்த வில்யாழ் வகையா, தடித்த தந்திகள் கொண்ட பெரிய கின்னோரா என்பதில் சர்ச்சை உண்டு. பாத்யா பேயர் என்ற இசை அறிஞர் பின்னதையே வலியுறுத்தினார். எக்காளங்களின் வடிவத்தை ரோமில் உள்ள தீத்துவின் வளைவில் இன்றும் பார்க்கலாம். ஆலயத்திலிருந்து கொள்ளையடித்த பொருள்களோடு அவை செதுக்கப்பட்டிருக்கின்றன. எக்காளம் ஊதும் இடம் என்று எபிரேயத்தில் பொறித்த கல் ஒன்று ஆலய மலையின் தென்மேற்கு மூலைக்குக் கீழே, பெஞ்சமின் மசார் 1968இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தது. ஆலயத்தில் ஓர் ஆர்கன் இருந்தது என்ற பேச்சையும் சிலர் பரப்புகிறார்கள். மிஷ்னாவில் ‘மக்ரேஃபா’ என்பது பலிபீடத்தருகே ஓசையெழ வீசப்படும், சாம்பல் அள்ளும் கருவி. நூறு ஓசை எழுப்பும் இசைக்கருவியாக அது மாறுவது பிற்காலத் தல்மூதில்தான்.

கருவிகள் இவ்வளவு தெரிந்தும் மெட்டு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. சங்கீதத் தலைப்புகளில் வரும் சில சொற்கள் மெட்டின் பெயர்கள் என்று கருதுகிறோம். அந்த மெட்டுகள் மறைந்துவிட்டன. சங்கீத நூலில் 71 இடங்களில் வரும் ‘சேலா’ என்ற சொல்லின் பொருள், ஆலயம் அழிவதற்கு முன்பே கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கே சரிவரத் தெரியவில்லை. மறைந்ததற்கு ஒரு காரணம், இது குருவிடமிருந்து சீடனுக்குக் காதுவழி போன கலை. ஹுக்ரஸ் பென் லேவி என்ற ஆலயப் பாடகர் தனக்குத் தெரிந்த ஒரு பாட்டு நுட்பத்தை யாருக்கும் கற்றுத்தர மறுத்தார் என்று மிஷ்னா அவரைக் கண்டித்துப் பேசுகிறது. பெருவிரலை வாய்க்குள் வைத்து அவர் எழுப்பிய ஓசையில் உடனிருந்த ஆசாரியர் அதிர்ந்து பின்வாங்கினார்கள் என்று தல்மூத் சேர்க்கிறது. அந்த நுட்பம் அவரோடு போயிற்று. பக்கத்து நாட்டில் நிலைமை வேறு. சிரியக் கடற்கரையின் உகாரித்தில் கி.மு. 1400 வாக்கில் களிமண் பலகையில் பாட்டும் இசைக்குறிப்பும் சேர்த்து எழுதினார்கள். ஆன் கில்மர் உள்ளிட்ட அறிஞர்கள் அதை வாசித்து மெட்டமைத்திருக்கிறார்கள். ஒருவர் அமைத்த மெட்டும் மற்றவர் அமைத்ததும் ஒன்றுபோல் இல்லை. குறிப்பு கிடைத்த இடத்திலேயே இந்த நிலை என்றால், குறிப்பே இல்லாத இடத்தில் யாரும் உறுதி கூற முடியாது.

‘தாவீதின் அசல் இசை’ என்ற பெயரில் இணையத்தில் உலவும் பதிவுகளை இதை வைத்தே எடைபோடுங்கள். அவற்றில் பல, எபிரேய வேத எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள சிறு குறிகளைச் சுரங்களாக வாசித்த சுசான் ஹைக்-வாந்துராவின் கருத்தை ஒட்டியவை. அவருடைய நூல் 1976இல் வந்தது. அந்தக் குறிகளை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவர்கள் திபேரியாவின் அறிஞர்கள். முழு வேதத்துக்கும் குறியிட்ட அலெப்போ சுவடி கி.பி. 930 வாக்கைச் சேர்ந்தது. ஆலயம் அழிந்து 800 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டது. வாக்கியத்தை எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்பதையும் ஓதும் முறையையும் காட்டும் அந்தக் குறிகளை யேமன் யூதர் ஒரு மாதிரியும், மொராக்கோ யூதர் வேறு மாதிரியும், ஐரோப்பிய யூதர் மற்றொரு மாதிரியும் பாடுகிறார்கள். அந்தப் பதிவுகள் அழகாக இருக்கின்றன. அழகும் பழமையும் வேறு வேறு. ஹைக்-வாந்துராவின் முடிவை இசையியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கும் ஏற்க ஆதாரம் தெரியவில்லை. பாட்டின் வடிவத்தை மட்டும் ஓரளவு நம்பிச் சொல்லலாம். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் அவர் கிருபை என்றுமுள்ளது என்ற அடி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் பாட மற்றவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒப்பாரியிலும் இதே முறைதான்: எல்லாரும் சேர்ந்து பாடுவது ஒரு வகை, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் பதில் தருவது இன்னொரு வகை என்று மிஷ்னா பிரித்துச் சொல்கிறது. எவ்வளவு ஏழையானாலும் மனைவியின் சாவுக்கு இரண்டு குழலும் ஒப்பாரி பாடும் ஒரு பெண்ணும் அமர்த்த வேண்டும் என்பது ரபி யூதாவின் தீர்ப்பு. இயேசு ஜெப ஆலயத் தலைவரின் வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கே குழலூதுவோர் இருந்ததும் இந்த வழக்கத்தால்தான்.

ஆலய காலத்திலிருந்து வழக்கில் அறுபடாமல் வந்த கருவி ஷோபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பு மட்டுமே. புத்தாண்டில் அதை இன்றும் ஊதுகிறார்கள். அதிலும் ஒரு ஐயம் உண்டு, பழமையான ஐயம். ‘தெரூவா’ என்ற ஊதல் விம்முவதுபோல் நீண்டு விட்டுவிட்டு வருவதா, அழுவதுபோல் பொடிப்பொடியாக வருவதா என்று நிச்சயமாகத் தெரியாததால், கி.பி. 300 வாக்கில் வாழ்ந்த செசரியாவின் ரபி அபாகு இரண்டையும் சேர்த்து ஊத ஏற்பாடு செய்தார். இன்றுவரை இரண்டையும் ஊதுகிறார்கள்.

கடைசியாக, வாத்தியங்கள் ஏன் நின்றன? துக்கத்தால் என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மை. லேவியரின் இசை பலியோடு கட்டப்பட்டிருந்தது. பலி நின்றதும் அந்த இசைக்கு இடமில்லாமல் போயிற்று. ஜெப ஆலயம் அதற்கு முன்பே வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் உரிய இடமாக வளர்ந்திருந்தது. ஆலயத்தின் வாத்தியக் குழு அங்கே இருந்ததாகச் சான்று இல்லை. துக்கம் நிச்சயமாகச் சேர்ந்துகொண்டது: வெஸ்பாசியன் காலப் போரின்போது மணமகனின் கிரீடத்தையும் திருமணப் பறையையும் தடைசெய்தார்கள் என்று மிஷ்னா பதிவு செய்கிறது. ஓய்வுநாள் சட்டம் மூன்றாவது காரணம். கருவி பழுதானால் அதைச் சரிசெய்ய நேர்ந்துவிடும் என்று ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் கைதட்டுவதையும் ஆடுவதையும்கூட ரபிகள் விலக்கினார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் சீர்திருத்த யூதர் 1818இல் தம் ஆலயத்தில் ஆர்கன் இசைத்தபோது பெரும் சண்டை மூண்டது. பழமை வழுவாத ஜெப ஆலயங்களில் ஓய்வுநாளில் இன்றும் வாத்தியம் இல்லை. சீர்திருத்த ஆலயங்களில் உண்டு. எனவே வாத்தியமே இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது ஒரு பகுதியினருக்குத்தான் பொருந்தும்.

ஆட்டம் மட்டும் அடங்கவே இல்லை. ஆலயம் அழிந்து இரண்டு தலைமுறைக்குப் பின் வாழ்ந்த ரபி யூதா பார் இலாய், கையில் மிர்த்து என்ற நறுமணச் செடியின் கிளையோடு மணப்பெண்ணுக்கு முன் ஆடினார். பின்னொரு காலத்தில் ரபி சாமுவேல் பார் ரபி ஈசாக்கு மூன்று கிளைகளோடு ஆடியதைக் கண்டு, கிழவர் நம் மானத்தை வாங்குகிறார் என்று ரபி சேரா முணுமுணுத்தாராம். ஜெப ஆலயத்துக்குள்ளும் ஆட்டம் வந்து சேர்ந்தது. கூடாரப் பண்டிகையின் முடிவில் வரும், தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) மகிழ்ச்சி நாளில், பண்டிகையில் ஆடக் கூடாது என்ற பழைய விலக்கு இருந்தும், தோராவின் மதிப்புக்காகப் பெரியவர்களும் ஆடலாம் என்று பாபிலோனிய யூதக் கல்விக்கூடத் தலைவர் ஹாய் கவோன் அனுமதித்தார். அவர் இறந்தது 1038இல். இன்றும் அந்த நாளில் தோராச் சுருள்களை அணைத்துக்கொண்டு ஜெப ஆலயத்துக்குள் ஆடுகிறார்கள்.